கண் மூடிய படங்கள்

உன் வெப்கேம் என் மேசைக்கு வந்துவிட்டது. உன் வீட்டுக்காரர் ரகு அண்ணா ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்து, ஒரு துணிப்பையிலிருந்து எடுத்து வைத்துவிட்டுப் போனார். வயரைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டிருந்தார். உன் கட்டில் கம்பியில் மாட்டுவதற்காக வாங்கிய கிளிப் இன்னும் அதிலேயே இருக்கிறது. லென்ஸுக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு காய்ந்த தடம். உன்னைப் பார்த்துக்கொண்ட செல்வி அக்கா, உன் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடும்போது ஒரு நாள் கை தவறி அதன் மேல் விட்டுவிட்டாளே, அந்தத் தடம். திரையில் உன் முகம் தண்ணீருக்குள் கிடப்பது போல் தெரிந்தது. நீ எழுத்து எழுத்தாக இமைத்து, "கேமராவுக்கு மெட்ராஸ் ஐ" என்று எழுதினாய். செல்வி அக்கா தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

துடைத்துவிடலாம் என்று ஈரத்துணியை எடுத்தேன். எடுத்தவள் அப்படியே வைத்துவிட்டேன்.

போவதற்கு முன்னால் ரகு அண்ணா என்னிடம் ஒன்று கேட்டார். அதை உன்னிடம் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் உனக்கு எதையும் நடுவிலிருந்து சொன்னால் பிடிக்காது. ஆபீஸில் ஏதாவது பழுது என்று நான் பதறிக்கொண்டு ஓடி வந்தால், என் தூத்துக்குடிப் பேச்சையே எனக்குத் திருப்பிக் கொடுப்பாய்: "ஏட்டி ஜெனி, மேலேருந்து சொல்லு." சரி, மேலேருந்தே சொல்கிறேன்.

நொய்டாவில் நாம் சேர்ந்து வேலை பார்த்த இடத்தில் நமக்குப் பிழைப்பே அடுத்தவர் கண்ணைப் பார்ப்பதுதான். லாரி ஓட்டுநருக்கு எதிரே ஒரு சின்னக் கேமரா. அது நொடிக்குப் பல படம் எடுத்துத் தள்ளும். நாம் எழுதிய நிரல் ஒவ்வொரு படத்திலும் கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று பார்க்கும். சும்மா இமைத்தால் விட்டுவிடும். அதைவிட அதிக நேரம் மூடியிருந்தால் மணி அடிக்கும். கண் மூடிய அந்தப் படங்களை மட்டும் தனியாக எடுத்து வைத்து, லாரி முதலாளிக்கு அனுப்பும். ஓட்டுநர் "நான் எங்கே தூங்கினேன்" என்று சாதிக்க முடியாது. படத்தை எடுத்து வைக்கிற பகுதியை எழுதியவள் நீ. அதற்கு 'சாட்சி' என்று பெயர் வைத்தாய், இங்கிலீஷ் எழுத்தில். நீ லோதி ரோடு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான், ஆனாலும் ஒரு தமிழ்ப் பெயர்ப்பலகையைப் படிக்கச் சொன்னால் கூட்டிக் கூட்டி அரை நாள் ஆக்குவாய். நிரலில் பெயர் வைக்க மட்டும் உனக்குத் தமிழ்தான் வேண்டும். பானை, சட்டி, சாட்சி. ஏன் என்று கேட்டால், "மேனேஜருக்குப் புரியக் கூடாது, அச்சா?" என்பாய்.

உனக்கு முதலில் போனது வலது கைச் சுண்டுவிரல். நாம் எழுதுகிற ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஓர் அரைப்புள்ளி வைக்க வேண்டும். அந்தச் சாவியை அழுத்துவது அந்த விரல். உனக்கு வரிக்கு வரி அரைப்புள்ளி விட்டுப்போக ஆரம்பித்தது. "என்னட்டி, அதுலயுமா கஞ்சத்தனம்?" என்று நான் கேட்டேன். நீயும் சிரித்தாய். அப்புறம் சப்பாத்தியைப் பிய்க்க முடியவில்லை. அப்புறம் மெட்ரோ படியில் கால் மடங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு சோதனையாக எடுத்து, தசைகளை ஆட்டுவிக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன, இதற்கு மருந்து இல்லை என்றார்கள். அன்று வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் நீ பேசவே இல்லை. ஆர்.கே.புரம் திரும்பும் சிக்னலில் நின்றபோது, "பேச்சும் போகுமாம்" என்றாய். வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாய்.

ஒரு கை கொஞ்சம் அசைந்துகொண்டிருந்தபோதே நீ அந்தப் பலகையைச் செய்யத் தொடங்கிவிட்டாய். நமக்குத் தெரிந்த வேலைதானே. லேப்டாப் திரையில் எழுத்துகள் வரிசையாக இருக்கும். ஒரு மஞ்சள் வெளிச்சம் ஒவ்வொன்றாக நகரும். வேண்டிய எழுத்துக்கு வரும்போது நீ இமைத்தால் வெப்கேம் பார்த்து அதை எழுதிவிடும். கண்ணைப் பார்க்கும் பகுதியை ஆபீஸ் நிரலிலிருந்தே எடுத்துக்கொண்டாய். மேனேஜரிடம் கேட்டோம். அவர், "எடுத்துக்கோம்மா, இதுக்கெல்லாம் கேட்கணுமா" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார். முதலாளிக்குப் படம் அனுப்புகிற பகுதி இதற்கு எதற்கு என்று அதை வெட்டி எறிந்தாய். கை முழுக்க நின்ற பிறகு மிச்சத்தை நீ சொல்லச் சொல்ல நான் தட்டினேன். உன் நாக்கு புரண்டதையும் பொருட்படுத்தாமல் திட்டித் திட்டித் தட்ட வைத்தாய்.

குரலும் போய்விட்டது. அதற்குப் பிறகு நீ பேசியதெல்லாம் அந்தப் பலகையில்தான். தமிழ், ஹிந்தி, இங்கிலீஷ் எல்லாம் கலந்து, இங்கிலீஷ் எழுத்தில். ரகு அண்ணா அமைச்சகத்தில் வேலை முடிந்து நடந்தே குவார்ட்டர்ஸுக்கு வந்துவிடுவார். வந்ததும் பையைக் கூட வைக்காமல் திரையைத்தான் பார்ப்பார். நீ அவருக்காக எழுதி வைத்திருப்பாய். "பால் காலி." "உன் அக்காவுக்கு போன் பண்ணு." "ஷர்ட் நல்லா இல்ல."

ஆனால் அந்தப் பலகை நின்று நின்று போயிற்று. சில நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓடும். சில நாள் ஒரு மணி நேரத்துக்குள் மஞ்சள் வெளிச்சம் திணறித் திணறி நகர்ந்து, அப்படியே உறைந்துவிடும். லேப்டாப் விசிறி மட்டும் ஓலமிட்டுக்கொண்டிருக்கும். நீ பாதி வார்த்தையில் அதைப் பார்த்துக்கொண்டே கிடப்பாய்.

எங்கோ மெமரி ஒழுகுகிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும். கேமரா எடுக்கிற ஒவ்வொரு படமும் கம்ப்யூட்டரில் கொஞ்சம் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பார்த்து முடித்ததும் அந்த இடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நம் வேலையில் பாதி அதுதான். வீட்டில் விருந்தாளி சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்காமல் ஒவ்வொருவருக்கும் புதுத் தட்டாக எடுத்துக்கொண்டே போனால், கடைசியில் அலமாரி காலியாகி எல்லோரும் நின்றுதானே ஆக வேண்டும். யாரோ எங்கோ தட்டைக் கழுவவில்லை. யார், எங்கே என்றுதான் தெரியவில்லை.

நான் பிரதியை என் வீட்டுக்கு எடுத்துப்போய் என் மேசையில் ஓட்டிப் பார்த்தேன். நாள் முழுக்க அதன் எதிரே உட்கார்ந்து முழித்து முழித்துப் பார்த்து, எழுத்துக்கு எழுத்து இமைத்து, மாதாவுக்கு முழு ஜெபமாலையும் எழுதி முடித்தேன். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. உன் வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினால் மறுநாளே நின்றது. திரையில் வரைகிற பகுதியை மாற்றினேன். கேமராவை ஓட்டும் மென்பொருளை மாற்றினேன். லேப்டாப்பையே மாற்றினோம். எனக்கு அப்படி எரிச்சல் வந்தது. "உன் வீட்டு வாஸ்து சரியில்ல" என்று உன்னிடமே கத்தினேன்.

அப்புறம் அந்த டாக்டரம்மா வந்த நாள். ரகு அண்ணாவுக்குத் தெரிந்தவர் மூலமாக வீட்டுக்கே வந்து பார்த்தவர். மழை பெய்து புழுங்கிக்கொண்டிருந்தது. மலை மந்திர் கோயில் ஒலிபெருக்கியில் யாரோ கூட்டத்தை வரிசையில் நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உன் மூச்சு குறைந்துகொண்டே வருகிறது, தொண்டையில் துளை போட்டு மூச்சு மெஷின் மாட்ட வேண்டிய கட்டம் வந்துவிட்டது, மாட்டினால் கழற்றுவதற்கில்லை என்று அவர் பொறுமையாக ஹிந்தியில் சொன்னார். சொல்லிவிட்டு உன் முகத்துக்கு நேரே குனிந்து, "உங்களுக்கு என்ன வேணும்னு நீங்க சொல்லுங்க" என்றார்.

நீ இரண்டு எழுத்து எழுதினாய். மஞ்சள் வெளிச்சம் திணறியது. நின்றது.

நான் அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். திரும்பப் போட்டால் நீ திரையின் நாலு மூலையையும் ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்து அதற்கு உன் கண்ணைப் பழக்க வேண்டும். அன்று உன் கண் ஒத்துழைக்கவில்லை. ஒரு தடவை, இரண்டு தடவை. டாக்டரம்மா கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க ரொம்ப முயற்சி செய்தார், பாவம். ரகு அண்ணா உன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, "அவளுக்குச் சம்மதம்தான் டாக்டர்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. உனக்குச் சம்மதம் என்றே அவர் நம்பினார். அவர் நம்ப வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் சேர நாள் குறித்துக் கொடுத்துவிட்டு, அதற்கு முன் இன்னொரு தடவை வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டு டாக்டரம்மா போனார்.

எல்லோரும் அறையை விட்டுப் போன பிறகு பலகை ஓடத் தொடங்கியது. நீ எனக்கு எழுதினாய்: "வேண்டாம்னு சொல்லணும்."

நான் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். "ரகு அண்ணாகிட்ட நான் சொல்லட்டுமா?"

"நம்ப மாட்டார்."

அது உண்மைதான். அதற்கு முந்தின மாதம் இதே பேச்சு வந்தபோது நீ அவருக்கு நாலு வார்த்தை எழுதியிருக்கிறாய். அவர் அதைப் படித்துவிட்டு, "இன்னிக்கு மனசு சரியில்ல உனக்கு" என்று திரையைத் திருப்பி வைத்துவிட்டார். "அப்ப டாக்டர்கிட்ட நான் சொல்றேன்" என்றேன். நீ என்னை முறைத்தாய். உனக்கு மிச்சமிருந்ததெல்லாம் அந்த முறைப்பு ஒன்றுதான், அதை நீ வஞ்சகமில்லாமல் எல்லோருக்கும் கொடுத்தாய்.

"நான்தான்" என்று எழுதினாய். "முழுசா."

அதன் பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை. டாக்டரம்மா திரும்ப வருவதற்குள் அந்த ஓட்டையை அடைக்க வேண்டும். அடைத்தால் நீ என்ன சொல்லப் போகிறாய் என்று எனக்குத் தெரியும். சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரியும். இப்படி ஒரு வேலையை எவளாவது செய்திருப்பாளா என்று மெட்ரோவில் நின்றுகொண்டே நினைப்பேன். ரகு அண்ணா ஒரு வழி சொன்னார். "அடிக்கடி தானா அணைஞ்சு திரும்பப் போடற மாதிரி வெச்சிடேன், ஜெனி. என்ன போச்சு?" எனக்கும் அது தோன்றியதுதான். நீ ஒப்புக்கொள்ளவில்லை. "பட்டி மத் லகா" என்று ஹிந்தியில் எழுதினாய், கட்டுத்துணி சுற்றாதே என்று. பேசும்போது பாதியில் அணைந்தால் டாக்டரம்மா மறுபடி எழுந்து போய்விடுவார் என்று உனக்குப் பயம்.

நான் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு உன் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். ஒரு மத்தியானம். செல்வி அக்கா அப்போதுதான் உனக்கு முதுகு துடைத்துப் படுக்க வைத்துவிட்டு வந்தாள். ஜங்புராவில் மதராசி கேம்ப் குடிசைப் பகுதியை இடித்த பிறகு அவள் ஊர்க்கோடியில் இருக்கும் நரேலாவிலிருந்து பஸ் மாறி மாறி வந்துகொண்டிருந்தாள். வந்து சேரும்போதே பாதி உயிர் போயிருக்கும். அன்றைக்குக் காலையிலிருந்தே பலகை மந்தமாகத்தான் இருந்தது. எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடும் என்று நான் திரையின் ஓரத்தில் மெமரி எவ்வளவு என்று காட்டுகிற எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ ரொம்ப நேரம் எடுத்து எழுதினாய்.

"கண்ண மூடு."

என் அம்மா எதற்கெடுத்தாலும் கண்ணை மூடி ஜெபம் பண்ணு என்பாள் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். அதை வைத்து என்னை எத்தனை தடவை கேலி செய்திருப்பாய். "ஏட்டி, நீ எப்ப எங்க வேதத்துல சேந்தே?" என்று கேட்டேன்.

நீ மறுபடி முறைத்துவிட்டு எழுதினாய்: "நீ. கேமரா முன்னாடி."

கேமராவை உன் பக்கமிருந்து என் பக்கம் திருப்பினேன். கண்ணை மூடினேன். அசட்டுத்தனமாக இருந்தது. "செல்வி அக்கா, அந்த ஓரத்துல இருக்கற நம்பர் என்ன ஆகுதுன்னு பாருங்க" என்றேன்.

"ஏறுதும்மா" என்றாள் அவள். "ஏறிக்கிட்டே போவுது."

கண்ணைத் திறந்தேன்.

"நின்னுட்ச்சு."

மூடினேன். ஏறியது. திறந்தேன். நின்றது.

சாட்சிதான். ஆபீஸில் அந்தப் பகுதி ஓடுவதைப் பார்த்துப் பார்த்து நமக்கு அதன் மேல் அவ்வளவு நம்பிக்கை. அது கண் மூடிய படங்களை எடுத்து எடுத்து வைக்கும். அனுப்புகிற பகுதி வந்து வாங்கிக்கொண்டு போய், அனுப்பியதும் இடத்தைக் காலி செய்யும். வாங்க வருகிறவனை நீ வெட்டிவிட்டாய். எடுத்து வைக்கிறவன் இருக்கிறான். வீட்டிலும் அவன் பாட்டுக்கு அடுக்கிக்கொண்டே இருந்தான். என் மேசையில் நான் கண்ணை விரித்து வைத்துக்கொண்டல்லவா சோதித்தேன். இமைத்தால் அவனுக்கு அது கணக்கில்லை. நீண்ட நேரம் கண்ணை மூடுகிற ஆள் முன்னால்தான் அது ஒழுகும். உனக்கு வலி எடுத்த நாள், நீ அழுத நாள், யாரையும் பார்க்கப் பிடிக்காமல் மூடிக்கொண்டு கிடந்த நாள். அந்த நாட்களில்தான் அது நின்றது. டாக்டரம்மா வந்த அன்று காலையெல்லாம் நீ எப்படிக் கிடந்தாய் என்று உனக்கு மட்டும்தான் தெரியும். படுத்த இடத்திலேயே அதைக் கண்டுபிடித்துவிட்டாய், ராட்சசி.

கேமராவை உன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, உறுதிப்படுத்திக்கொள்ள, சாட்சியில் சேர்ந்திருந்ததை எல்லாம் வெளியே எடுத்துத் திரையில் விரித்தேன். அதைச் செய்யாமலே இருந்திருக்கலாம். அன்று காலையிலிருந்து சேர்ந்தவை. உன் முகம், உன் முகம், உன் முகம். எல்லாவற்றிலும் கண் மூடியிருந்தது. வாய் ஒரு பக்கமாகத் தொங்கியிருந்தது. சிலவற்றில் கன்னத்தில் ஈரம். உடம்புக்கு முடியாமல் போன பிறகு நீ யாரையும் உன்னைப் படம் எடுக்க விட்டதில்லை. அறையில் கண்ணாடிகூட வைக்க விடவில்லை. நான் சட்டென்று மூடப் போனேன். நீ "இரு" என்று எழுதினாய். எல்லாவற்றையும் பார்த்தாய். பலவற்றில் ஓரத்தில் ஒரு கை இருந்தது. ரகு அண்ணாவின் கை, அந்தப் பழைய கடிகாரத்தோடு. ஒன்றில் துண்டை வைத்து உன் கடைவாயைத் துடைத்துக்கொண்டிருந்தது. ஒன்றில் நெற்றியில் முடியை ஒதுக்கிக்கொண்டிருந்தது. இன்னொன்றில் கை இல்லை, அவரே இருந்தார். ஆபீஸுக்குக் கிளம்பிய சட்டையோடு உன் தலையணை ஓரத்தில் முகத்தைச் சாய்த்து, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். பக்கத்திலேயே நீ, கண்ணை மூடிக்கொண்டு.

நான் உன்னைப் பார்த்தேன்.

"தூங்கல" என்று எழுதினாய். "நடிப்பு. அவர்கிட்ட சொல்லாதே."

கடைசியாக என் முகமும் வந்தது, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, மருந்து குடிக்கிற பிள்ளை மாதிரி. உன் கண் சிரித்தது. அதை நான் பார்த்தேன்.

"அழிச்சிடவா?" என்று கேட்டேன்.

"சப்" என்று ஹிந்தியில் எழுதினாய். எல்லாவற்றையும். செல்வி அக்கா மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டாள். நான் எல்லாவற்றையும் அழித்தேன். பிறகு சாட்சி கண் மூடிய படத்தை எடுத்து வைக்கிற அந்த ஒரு வரியை நீக்கினேன். அவ்வளவுதான் பழுது. அதை நீக்குவதற்கு முன் விரலைச் சாவி மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். நீ என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாய்.

டாக்டரம்மா இரண்டாவது தடவை வந்தபோது நீ முழுசாகச் சொன்னாய். ரகு அண்ணா உன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "துளை வேண்டாம். மெஷின் வேண்டாம். வீட்லயே இருக்கேன். மூச்சுத் திணறினா மருந்து குடுங்க." டாக்டரம்மா விஷயத்தை மாற்றி மாற்றி வேறு வேறு விதமாகக் கேட்டார். புரிந்துதான் சொல்கிறாயா என்று தெரிய வேண்டுமே. ஒவ்வொரு தடவையும் நீ இடையில் கண்ணை மூடி இளைப்பாறினாய். ஒவ்வொரு தடவையும் திறந்தபோது மஞ்சள் வெளிச்சம் உனக்காக நகர்ந்துகொண்டுதான் இருந்தது. கடைசியில் ரகு அண்ணாவுக்கு எழுதினாய்: "உன் மேல கோபம் இல்ல. களைச்சுட்டேன்."

அவர் அதைப் படித்தார். இந்தத் தடவை திரையைத் திருப்பவில்லை. டாக்டரம்மாவை வழியனுப்பிவிட்டு, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த என்னிடம் வந்தார். சத்தம் போடவில்லை. "நீ இதச் சரி பண்ணாம இருந்திருக்கலாம், ஜெனி" என்றார்.

இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு அழுதேன். ஒரு கிழவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அதன் பிறகு நீ இருந்த நாட்களில் பலகை நிற்கவில்லை. வாயாடி, நீ பேசித் தீர்த்தாய். செல்வி அக்காவின் மகனுக்கு நரேலாவில் பள்ளிக்கூடம் கிடைக்க யாருக்கு எழுத வேண்டும் என்று பாடம் எடுத்தாய். ரகு அண்ணாவுக்கு எந்தச் சட்டையை எதனோடு போடுவது என்று சொல்லிக்கொடுத்தாய். தீபாவளி முடிந்து புகை இறங்கியது. வெளியே நல்ல உடம்புக்காரர்களுக்கே தொண்டை எரிந்தது. ஜன்னல் எல்லாவற்றையும் துணி வைத்து அடைத்தோம். காற்று சுத்தம் செய்கிற மெஷினை உன் தலைமாட்டில் வைத்தோம். போதவில்லை. ஒரு காலை, டாக்டரம்மா கொடுத்த மருந்து உள்ளே இருக்க, நீ போய்விட்டாய். நான் வருவதற்குள் முகத்தைத் துணியால் கட்டியிருந்தார்கள். நிகம்போத் சுடுகாட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு உன் மேல் கோபம் கோபமாக வந்தது. இன்னும் போகவில்லை. கொஞ்சம் இருந்திருக்கலாம் நீ.

ஆபீஸில் நான் இப்போதும் கண் பார்க்கிற வேலையில்தான் இருக்கிறேன். எதையும் முடித்துக் கொடுப்பதற்கு முன் கேமரா எதிரே உட்கார்ந்து ரொம்ப நேரம் கண்ணை மூடிக்கொண்டிருப்பேன். பக்கத்து மேசைக்காரி, "மேடம் தியானமா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ரகு அண்ணா அன்று வாசலில் சொன்னதற்குப் பிறகு என்னிடம் சரியாகப் பேசியதில்லை. சடங்குகளில்கூட வா, உட்கார் என்பதோடு சரி. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்து அவரைப் பார்த்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. இளைத்திருக்கிறார். நீ சொன்னபடிதான் சட்டை போட்டிருந்தார். டீ கொடுத்தேன். "கடைசி வரைக்கும் நிக்காம ஓடிச்சு" என்று வெப்கேமைப் பார்த்துச் சொன்னார். அதை என்னிடம் சொன்னாரா, அதனிடம் சொன்னாரா, தெரியவில்லை.

அப்புறம் கேட்டார். "நீ டெஸ்ட் பண்ணப்ப அவ படம் நிறைய வந்துச்சுன்னு செல்வி சொன்னாங்க. எங்கிட்ட அவளோட கடைசி வருஷப் படம் ஒண்ணுகூட இல்ல, ஜெனி. போன்ல இருக்கறதெல்லாம் நல்லா இருந்தப்ப எடுத்தது. அந்த முகம் எனக்கு மறந்துபோகுது. உங்கிட்ட ஒண்ணாவது இருக்கா?"

"இல்லண்ணா. எல்லாத்தையும் அழிச்சிட்டேன். அவதான் சொன்னா."

தலையை ஆட்டினார். டீயைக் குடித்து முடித்தார்.

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"சொல்லேன்."

சொன்னேன். நீ கோவித்துக்கொள்ள மாட்டாய் என்று நினைத்துத்தான் சொன்னேன். வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்ததை, நெற்றியில் முடி விழுந்திருந்ததை, ஓரத்தில் அவர் கை வந்துகொண்டே இருந்ததை. ஒரு படத்தில் துண்டு என்ன நிறம் என்றுகூடக் கேட்டார். நீலம் என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது, அந்த ஒன்றைத் தவிர.

அவரே அதற்கு வந்தார். "ஒரு நாள் காலைல ஆபீஸ் கிளம்பறப்ப..." என்று தொடங்கி நிறுத்தினார். "அவ பக்கத்துல கொஞ்ச நேரம் சாஞ்சிருந்தேன். அவ முன்னாடி நான் அழுததே கிடையாது. அன்னிக்கு மட்டும். அது அதுல வந்துதா?"

"வந்துது."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். உன் முறைப்பை நான் எத்தனை வாங்கியிருக்கிறேன். அதெல்லாம் இதற்கு முன் ஒன்றுமில்லை.

"அவ தூங்கிட்டுத்தான இருந்தா?"

"ஆமாண்ணா" என்றேன். "நல்லாத் தூங்கிட்டிருந்தா."